வந்தவர்களை எண்ணினால் போதுமா?

(முன்னாள் மாணவியர் சங்கத்தின் சங்கம விழாவில், போத்தனூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



சாப்பாட்டுக்கு முன்னால் பேச அழைத்திருக்கிறார்கள். பந்திக்கு இலை போட்டாகிவிட்டது என்று செயலாளர் கண்ணாலேயே ஜாடை காட்டுகிறார். பசி வேளையில் கணக்கு வாத்தியாரம்மா பேச வந்தால் கேட்பவர்களுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் கடைசி பீரியட் எடுத்தவள் நான். ஆகவே கூடியவரை சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன்.

இன்று மாலை நம் பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் வருகிறது. போத்தனூர், குறிச்சி, வெள்ளலூர்ப் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்காக நம் சங்கம் நடத்தி வரும் சனிக்கிழமை வகுப்பை இன்னொரு இடத்திலும் ஆரம்பிக்கலாமா என்பதுதான் அது. பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வரையுள்ள பிள்ளைகள் வருகிறார்கள். கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் கணினி, உடல்நலம், சட்டம், பேங்க்கில் படிவம் நிரப்புவது, நாலு பேர் முன்னால் நின்று பேசுவது என்று பலதும் சொல்லித் தருகிறோம். பணம் உங்களுடையது. வெளிநாட்டில் இருக்கும் நம் தோழியர் அனுப்பியதும் அதில் உண்டு. ஆகவே "இதனால் பிள்ளைகளுக்கு என்ன பயன்?" என்று ஒருவர் கேட்டால் அது குறை சொல்வது ஆகாது. கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்கு நேர்மையாக எப்படிப் பதில் கண்டுபிடிப்பது என்பதே இன்று என் பேச்சு.

போத்தனூர் 1862-லேயே ரயில் பார்த்த ஊர். என் அப்பா இங்கே சிக்னல் பணிமனையில் வேலை செய்தவர். அதனால் ரயில் உதாரணத்திலேயே ஆரம்பிக்கிறேன். ஸ்டேஷனில் இன்று எத்தனை டிக்கெட் விற்றது என்று கணக்கு இருக்கும். எத்தனை பிளாட்பார டிக்கெட் என்றும் இருக்கும். அதை வைத்துக்கொண்டு "இத்தனை பேர் ஊர் போய்ச் சேர்ந்தார்கள்" என்று சொல்ல முடியுமா? பிளாட்பாரத்தில் நின்று கை காட்டியவரையும் சேர்த்தல்லவா எண்ணியிருப்போம்!

நம் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் டிக்கெட் கணக்குத்தான். இத்தனை வகுப்புகள், இத்தனை பிள்ளைகள், இத்தனை சான்றிதழ்கள் என்று போடுகிறோம். நாட்டு நலப்பணித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் அதில் மண் சுமந்தவர்கள்தான். இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம், ஒரு சிறப்பு முகாம், பிறகு சான்றிதழ் என்பது அதன் கணக்கு. நல்ல திட்டம். ஆனால் 240 மணி என்பது நாம் கொடுத்த நேரத்தின் அளவு. அதனால் நம்மிடம் என்ன மாறியது என்பதையோ, நாம் போட்ட ரோடு அடுத்த மழைக்குத் தாங்கியதா என்பதையோ அந்த எண் சொல்லாது.

அரசாங்கத் திட்டங்களிலும் இதே சிக்கல் உண்டு. அங்கன்வாடி மூலமாக வளரிளம் பெண்களுக்கு என்று 1991-ல் தொடங்கி, 2000-ல் கிஷோரி சக்தி, 2010-ல் 200 மாவட்டங்களில் சப்லா என்று பெயர் மாறி மாறி வந்தது. 2021-க்குப் பிறகு அது போஷன் 2.0 என்ற பெரிய திட்டத்துக்குள் அடங்கிவிட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு இரும்புச் சத்து மாத்திரை தரும் திட்டமும் பத்து வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. கொடுத்த மாத்திரைக்குப் பதிவேடு இருக்கிறது. ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொல்கிறது? 15 முதல் 19 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் 2015-16-ல் 54.1 சதவிகிதம். 2019-21-ல் 59.1 சதவிகிதம். மாத்திரையே வீண் என்று இதை வைத்து நான் சொல்ல வரவில்லை. உணவு, சோதனை முறை, விழுங்கினார்களா இல்லையா என்று காரணம் பல இருக்கலாம். கையில் கொடுத்தது ஒரு கணக்கு, ரத்தத்தில் ஏறியது வேறொரு கணக்கு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சரி, வருகைப் பதிவேடு போதாது என்றால் பிள்ளைகளையே கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்கிறார்கள். எல்லா இடத்திலும் கடைசி நாளில் ஒரு தாள் கொடுப்பது வழக்கம். "வகுப்பு எப்படி இருந்தது? மிக நன்று, நன்று, சுமார்." நம் வகுப்பிலும் அதுதான். பிள்ளைகள் எல்லோரும் "மிக நன்று" என்றுதான் டிக் அடிப்பார்கள். சொல்லிக் கொடுத்த டீச்சர் எதிரே நிற்கிறார். காபியும் பன்னும் கொடுத்திருக்கிறார்கள். வளர்ப்பு நல்ல வளர்ப்பு. வேறு எப்படி எழுதுவார்கள்?

வெள்ளலூர் ரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பொண்ணு வந்துகொண்டிருந்தாள். பத்தாவது படித்தவள். ஒரு சனிக்கிழமை தவறாமல் வருவாள். அந்தத் தாளில் "மிக நன்று" என்று எழுதிக் கீழே ஒரு பூவும் வரைந்திருந்தாள். பரீட்சை முடிந்த மாதமே நின்றுவிட்டாள். விசாரித்தால், வெளியூர் மில் ஒன்றில் சேர்த்துவிட்டார்கள், விடுதியிலேயே தங்கல் என்றார்கள். வீட்டுக்குப் போய் அவள் அம்மாவைப் பார்த்தேன். திண்ணையில் உட்காரவைத்து டீ கொடுத்தார். மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தாள்ல வகுப்பு எப்படி இருக்குதுன்னுதானுங்க டீச்சர் கேட்டிருக்குது. எங்க ஊட்டுல எப்படி இருக்குதுன்னு ஒரு வரி கூட இல்லீங்களே. கேட்டிருந்தா அவளே எழுதியிருப்பாளுங்க."

அந்த அம்மா பள்ளிக்கூடம் தாண்டாதவர். ஆனால் அளவிடும் கலையின் முதல் பாடம் அதுதான். கேள்வி எதைப் பற்றியோ, பதிலும் அதைப் பற்றித்தான் வரும். வகுப்பைப் பற்றிக் கேட்டால் வகுப்பைப் பற்றிய பதில் கிடைக்கும். அவள் வாழ்க்கையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கொங்கு நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. நூற்பாலைகளில் மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணத்துக்கென்று ஒரு மொத்தத் தொகை, அதற்கு 'சுமங்கலி' என்று ஒரு பெயர். இதைப் பற்றி நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு அமைப்புகள் 2011-ல் அறிக்கை வெளியிட்டு, உலகம் முழுக்கப் பேச்சானது. அதற்குப் பிறகு மில்களுக்குள்ளும் வெளியிலும் பெண் பிள்ளைகளுக்கான பயிற்சித் திட்டங்கள் பல வந்தன. எல்லாவற்றின் அறிக்கையிலும் சிரித்த முகங்களின் படம் இருக்கும். சிரிப்பு பொய் என்று சொல்லவில்லை. அது போதாது என்கிறேன்.

"பயன் இருந்தது" என்று பயன்பெற்றவர்களே சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்க வேண்டுமா? ஒரு பழைய கதை சொல்கிறேன். பையன்களைப் பற்றியதுதான், ஆனாலும் நமக்குப் பாடம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு ஊர்களில், 1939 முதல் 1945 வரை ஒரு திட்டம் நடந்தது. மொத்தம் 506 பையன்கள். ஒரே மாதிரி வயது, குடும்பம், குணம் உள்ளவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்தார்கள். காசு சுண்டிப் போட்டு ஒருவனைத் திட்டத்தில் சேர்த்தார்கள், இன்னொருவனை விட்டுவிட்டார்கள். சேர்ந்தவனுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் ஆலோசகர், பாட உதவி, மருத்துவ உதவி, கோடைக்கால முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது வருஷம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற பெண் ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தார். பதில் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் "அந்தத் திட்டம் எனக்கு உதவியது" என்றார்கள். மனதார நன்றியோடு சொன்னார்கள். ஆனால் பதிவேடுகளை எடுத்து ஜோடியிலிருந்த மற்றவனோடு ஒப்பிட்டால், திட்டத்தில் இருந்தவர்கள் எதிலுமே மேலாக இல்லை. குடிப்பழக்கம், மறுபடி குற்றம் செய்வது, சீக்கிரம் இறந்துபோவது போன்ற சிலவற்றில் அவர்களே மோசம். 1978-ல் அவர் இதை வெளியிட்டபோது சமூகப் பணி செய்பவர்கள் ஆடிப்போனார்கள்.

நல்ல மனசோடு செய்தால் கெடுதல் வராது என்று நாம் நினைக்கிறோம். வரலாம். ஒப்பிட ஆள் இல்லாவிட்டால் வந்ததே தெரியாமல் போய்விடும்.

ஒப்பிடுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புள்ளியியல் மாணவிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நம் நாட்டில் 20 முதல் 24 வயதுப் பெண்களில், பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆனவர்கள் 2005-06-ல் 47.4 சதவிகிதம். 2015-16-ல் 26.8. 2019-21-ல் 23.3. தமிழ்நாட்டில் அந்தக் கடைசி ஆய்வில் 12.8. அதாவது எந்த வகுப்பும் நடக்காத ஊரிலும் இது குறைந்துகொண்டுதான் வருகிறது. இப்படி இருக்கும்போது, "நாங்கள் வகுப்பு ஆரம்பித்த பிறகு இந்தப் பகுதியில் சின்ன வயசுக் கல்யாணம் குறைந்தது" என்று நாம் அறிக்கை எழுதினால், கோழி கூவியதால் பொழுது விடிந்தது என்ற கதைதான். முன்னே எப்படி, பின்னே எப்படி என்று பார்த்தால் மட்டும் போதாது. நாம் இல்லாத இடத்தில் எப்படி என்றும் பார்க்க வேண்டும்.

இதை அழகாகச் செய்த உதாரணம் பீகார். 2006-ல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்கு சைக்கிள் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இருவர் அதை ஆராய்ந்தார்கள். பெண்களின் சேர்க்கை கூடியதை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. அதே வருஷங்களில் பையன்கள் சேர்க்கை எவ்வளவு கூடியது, சைக்கிள் கொடுக்காத பக்கத்து ஜார்க்கண்டில் எப்படி இருந்தது என்று கழித்துப் பார்த்தார்கள். அப்படிக் கழித்த பிறகும் பெண்களின் உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை 32 சதவிகிதம் கூடியிருந்தது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த கிராமங்களில்தான் பயன் அதிகம். காரணம் இன்னது என்பதும் அதிலேயே தெரிந்துவிடுகிறது பாருங்கள்.

நம் தமிழ்நாட்டில் 'புதுமைப் பெண்' திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய். அதைப் பெறுகிற பிள்ளைகள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள், எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் அதன் பயனை அளக்கும்போது, அது தொடங்கும் முன்பே, 2021-22-ல், தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவிகிதம், இந்தியா முழுமைக்கும் 28.4 சதவிகிதம் என்பதையும் மறக்கக்கூடாது. வாங்குபவர்களை எண்ணினால் மட்டும் போதாது. அந்த ஆயிரம் இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டாள் என்ற பிள்ளைகள் எத்தனை பேர், பாதியில் நிற்காமல் டிகிரியை முடித்தவர்கள் எத்தனை பேர் என்பவைதான் கேள்வி.

இனி நம் சனிக்கிழமை வகுப்பு மாதிரியே உள்ள திட்டங்களுக்கு வருகிறேன்.

ராஜஸ்தானில் ஆஜ்மீர் பகுதியில், ஆறாவது ஏழாவது படிக்கும் பெண்களுக்கு வாழ்க்கைத் திறன் வகுப்பும், கூடவே ஒரு அக்கா மாதிரி வழிகாட்டியும் வைத்து 'ரூம் டு ரீட்' அமைப்பு நடத்தியது. எந்தப் பள்ளியில் நடத்துவது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால் ஒப்பிட முடிந்தது. படிப்பை நிறுத்துவது நாலில் ஒரு பங்கு குறைந்தது. உயர்நிலைப் பள்ளிச் சேர்க்கை வரை அந்தப் பயன் நின்றது.

ஹரியானாவில் 314 அரசுப் பள்ளிகளில், ஏறத்தாழ 14,000 பிள்ளைகளோடு இன்னொன்று. இரண்டரை வருஷம், பையன்களும் பெண்களும் சேர்ந்து உட்கார்ந்து, ஆண் பெண் சமத்துவம் பற்றி வகுப்பில் விவாதிப்பது. பிள்ளைகளின் எண்ணம் மாறியது, இரண்டு வருஷம் கழித்தும் அந்த மாற்றம் இருந்தது. இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் செய்த ஒரு சோதனை. "கேட்பவர் மனசு குளிர நல்ல பதில் சொல்லும் குணம்" ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு என்று அதையும் தனியாக அளந்து பார்த்தார்கள். நம் "மிக நன்று" தாளுக்கு அதுதான் மருந்து.

ஆப்பிரிக்காவில் உகாண்டாவில், வங்கதேசத்து 'பிராக்' அமைப்பு 2008-ல் பெண் பிள்ளைகளுக்கான மன்றங்களை ஆரம்பித்தது. பள்ளி விட்ட பிறகு ஒரு வீட்டில் கூடி விளையாட்டு, பேச்சு, உடல்நலம், கைத்தொழில். 150 ஊர்களில் 100-ல் மன்றம், 50-ல் இல்லை. நாலு வருஷம் கழித்துப் பார்த்தால், மன்றம் இருந்த ஊர்களில் சின்ன வயசில் கர்ப்பமாவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தது. சொந்தமாகச் சம்பாதிப்பவர்கள் கூடியிருந்தார்கள். ஆகா என்று அதே திட்டத்தை அதே அமைப்பு தான்சானியாவில் நடத்தியது. அங்கே சொல்லிக்கொள்ளும்படி பயன் தெரியவில்லை. இடவசதி, பயிற்சி, பொருள் எல்லாவற்றிலும் அங்கே பற்றாக்குறை. பெயர்ப் பலகை ஒன்றுதான், உள்ளே நடந்தது ஒன்றல்ல. இரண்டாவது கிளை திறக்கப்போகும் நாம் இதை இரண்டு தரம் படிக்க வேண்டும்.

இன்னும் ஒன்று, பெங்களூரில். ஒரு பெரிய ஆயத்த ஆடை நிறுவனத்தின் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்களுக்குப் பேச்சு, நேர நிர்வாகம், பிரச்சினையைச் சமாளிப்பது போன்ற பயிற்சி. சேர விரும்பியவர்கள் அதிகம் என்பதால் குலுக்கிப் போட்டார்கள். பயிற்சி பெற்றவர்களின் உற்பத்தி நன்றாகவே கூடியது. முடிந்து எட்டு மாதத்துக்குள் நிறுவனத்துக்கு நிகர லாபம் செலவைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். சரி, அந்தப் பெண்களின் சம்பளம் எவ்வளவு கூடியது? அரை சதவிகிதம். "பயன் இருந்ததா?" என்றால் இருந்தது. "யாருக்கு?" என்று கேட்டால்தான் கதை தெரிகிறது. கொங்கு மண்டலத்தில் பெண்களுக்கான எந்தத் திட்டத்தின் அறிக்கையைப் படித்தாலும் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்துக் கேளுங்கள்.

இப்போது நம் வகுப்புக்கு வருவோம். பெரிய பல்கலைக்கழகங்கள் செய்கிற மாதிரி நம்மால் செய்ய முடியுமா? முடியாது. ஏன் என்று ஒரு சின்னக் கணக்கு. வகுப்பில் இருபது பிள்ளைகள், இடம் கிடைக்காமல் காத்திருப்போர் பட்டியலில் இருபது பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷ முடிவில் அந்தப் பக்கம் நாலு பேர் படிப்பை நிறுத்தினார்கள், நம் பக்கம் இரண்டே பேர். பாதியாகக் குறைத்துவிட்டோம் என்று துள்ளலாமா? கூடாது. எந்த வகுப்புமே நடத்தாமல் நாற்பது பெயரை இரண்டாகக் குலுக்கிப் பிரித்தாலே இந்த மாதிரி வித்தியாசம் சர்வ சாதாரணமாக வரும். நாலைந்து வருஷக் கணக்கைச் சேர்த்தாலும் சந்தேகத்தோடுதான் பேச முடியும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இந்த மாதிரி வகுப்பால் பயன் உண்டாகும் என்பதை மற்றவர்கள் பெரிய அளவில் காட்டிவிட்டார்கள். அதை நாம் மறுபடி நிரூபிக்க வேண்டாம். அவர்கள் செய்ததை நாம் உண்மையாகவே செய்கிறோமா, நம் பிள்ளைகளில் யார் விட்டுப்போகிறார்கள் என்று ஒழுங்காகக் கணக்கு வைத்தாலே போதும். அதற்காக நான் சில யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, முதல் நாளே எழுதுங்கள். பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறாள், யார் சம்பாதிக்கிறார்கள், பத்தாவதுக்குப் பிறகு வீட்டில் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். முதல் நாள் எழுதாததைக் கடைசி நாளில் ஒப்பிட முடியாது.

இரண்டாவது, எது பயன் என்பதை நாம் மட்டும் தீர்மானிக்க வேண்டாம். பிள்ளைகளையும் அம்மாக்களையும் கேளுங்கள். "தைரியம் வந்ததா?" என்று கேட்டால் எல்லோருக்கும் வந்திருக்கும். "போன மாசம் தனியாக டவுன் பஸ் ஏறி எங்கே போனாய்? பேங்க் புத்தகம் யார் கையில் இருக்கிறது? ஒரு விஷயத்தில் வேண்டாம் என்று சொல்லி, அது நடந்ததா?" என்று கேளுங்கள். செய்ததைக் கேட்டால் பதில் தெளிவாக வரும்.

மூன்றாவது, நின்றுபோனவர்களை எண்ணுங்கள். சேர்ந்தவர்கள் அத்தனை பேரையும் கீழே போட்டுத்தான் வகுக்க வேண்டும். முடித்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் நூற்றுக்கு நூறு யாருக்கும் வரும். வெள்ளலூர் ரோட்டுப் பிள்ளை மாதிரி நின்றுபோனவள்தான் நமக்கு அதிகம் சொல்லித் தரக்கூடியவள்.

நாலாவது, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் சிபாரிசு வேண்டாம், குலுக்கிப் போடுங்கள். இது வெளிநாட்டு முறை என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு என்ன சொல்கிறது? ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, சின்னப் பையனை விட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய குடவோலை. அதில் யாருக்கும் வருத்தமும் வராது, ஒப்பிடவும் முடியும். கிடைக்காதவளுக்கு அடுத்த வருஷம் இடம் உண்டு என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

ஐந்தாவது, சொல்லிக் கொடுத்தவரே மதிப்பெண் போடக் கூடாது. வேறொருவர், ஒரு வருஷம் கழித்தும் இரண்டு வருஷம் கழித்தும் போய்க் கேட்க வேண்டும். இங்கேதான் இந்நாள் மாணவிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நலப்பணி மணி நேரத்தில் கொஞ்சத்தை இதற்குத் தாருங்கள். பிள்ளைகளின் போன் நம்பர் மாதத்துக்கு ஒன்று மாறும். ஆகவே சேரும்போதே சித்தி, பாட்டி, பக்கத்து வீடு என்று இரண்டு பேர் விவரம் வாங்கி வையுங்கள். கேட்கப் போகும்போது பிள்ளையைத் தனியாகக் கேளுங்கள். மாமியாரும் அப்பாவும் சுற்றி நிற்கும்போது வரும் பதில் அவர்களுடையது. கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். ஒரு வார்த்தை வெளியே போனாலும் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கஷ்டம்.

கடைசியாக, "வகுப்புக்கு வந்ததால் உனக்கு ஏதாவது தொந்தரவு வந்ததா?" என்றும் கேளுங்கள். சனிக்கிழமை அரை நாள் கூலி போயிருக்கலாம். தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அம்மா வேலையை விட்டிருக்கலாம். தெருவில் யாராவது ஏதாவது பேசியிருக்கலாம். பயனை மட்டும் வரவு வைத்துச் செலவை எழுதாத புத்தகத்தை நம் பொருளாளர் அம்மா ஒத்துக்கொள்வாரா? இதுவும் அப்படித்தானுங்க.

ஒரு பேராசிரியை நேற்று என்னிடம் கேட்டார், "இவ்வளவும் அளந்து பார்த்து, பயன் குறைவு என்று வந்துவிட்டால் பணம் கொடுப்பவர்கள் நிறுத்திவிட மாட்டார்களா?" என்று. நியாயமான பயம். அதற்கு என் பதில் இதுதான். அப்பா பணிமனையில் சிக்னல் கருவி பழுது பார்த்து வந்தால், பார்க்க எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் லைனுக்கு அனுப்ப மாட்டார்கள். கருவி தேறாவிட்டால் திருப்பி மேசைக்கு வரும். திருத்துவார்கள். தேறவில்லை என்பதற்காகப் பணிமனையை மூடியதில்லை. நாமும் குறை கண்டால் பாடத்தை மாற்றலாம், நேரத்தை மாற்றலாம், பத்தாவது பரீட்சைக்கு முன்னாலேயே பெற்றோரை அழைத்துப் பேசலாம். அளக்காமல் விட்டால் எதை மாற்றுவது என்றே தெரியாது.

அந்த வெள்ளலூர் ரோட்டுப் பிள்ளையைப் பற்றி நீங்கள் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அவள் இன்னும் அந்த மில்லில்தான் இருக்கிறாள். அவள் அம்மாவிடம் பேசியிருக்கிறேன். தனித்தேர்வராக மேலே படிக்க வைக்கலாமா என்று யோசிக்கிறோம். முடிவு என்ன ஆகும் என்று இன்று சொல்ல முடியாது. ஆனால் நம் அறிக்கையில் அவள் பெயர் "பயன் பெற்றோர்" பட்டியலில் இருக்கக் கூடாது, "தொடர்ந்து விசாரிக்க வேண்டியவர்" பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலே நம்மிடம் இன்னும் இல்லை.

எனவே மாலை தீர்மானம் வரும்போது என் கோரிக்கை ஒன்றுதான். இரண்டாவது வகுப்பைத் தாராளமாக ஆரம்பியுங்கள், நான் எதிர்ப்பவள் அல்ல. ஆனால் அதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பகுதியை, முதல் வகுப்பில் இதுவரை படித்த அத்தனை பிள்ளைகளையும் தேடிப்போய்ப் பார்க்கும் வேலைக்கு ஒதுக்குங்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, புது வகுப்பின் பாடத்தை எழுதுங்கள். அடுத்த சங்கம மலரில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதோடு, எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்பதையும் அச்சிடுங்கள். எண் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அது உண்மையான எண்ணாக இருக்கட்டும்.

 தேடிப்போகும் வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்பும் மாணவிகள் சாப்பிட்டு முடித்ததும் வாசலில் இருக்கும் மேசைக்கு வாருங்கள், நோட்டுப் புத்தகத்தோடு நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.